ஆடுகளக் கோடுகள் – 9: தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே

சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடு இழுத்து, அதை ஸ்டம்ப் என்று வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடாத தெரு நம் ஊர்களில் இருக்காது. நியூயார்க் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளும் இப்படிச் சுவரில் சாக்பீஸால் வரைந்து ஆடியவர்கள்தான். ஆனால் அவர்கள் வரைந்தது ஒரு பெட்டி. ரப்பர் பந்து பெட்டிக்குள் பட்டால் ஒரு கணக்கு, வெளியே பட்டால் வேறு கணக்கு. நம் பிள்ளை வளர்ந்து பெரிய மைதானத்துக்குப் போனால், சுவரில் இருந்த கரிக்கோடுகள் அங்கே மூன்று மரக்குச்சிகளாக எழுந்து நிற்கும். அந்த ஊர்ப் பிள்ளை பெரிய மைதானத்துக்குப் போனால் பெட்டியைக் காணோம். தரையில் வெள்ளையாக ஒரு ரப்பர் தட்டு பதிந்திருக்கும். அதற்கு மேலே எல்லாம் வெறும் காற்று.

பேஸ்பால் ஆட்டத்தில் அந்தக் காற்றுப் பெட்டிக்குப் பெயர்தான் ஸ்ட்ரைக் சோன்.

சென்ற இதழில் எல்.பி.டபிள்யூ விதியைப் பார்த்தோம். கால் குறுக்கே வராமல் இருந்திருந்தால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று நடுவர் மனத்துக்குள் பந்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கடினமான வேலைதான். ஆனாலும் ஸ்டம்ப் என்ற ஒன்று அவர் கண்ணெதிரே நிற்கிறது. பேஸ்பால் நடுவருக்கு அந்தத் துணைகூடக் கிடையாது. ஹோம் பிளேட் என்கிற தட்டின் அகலம் 17 அங்குலம். பெட்டியின் அகலமும் அதுவே. உயரம்தான் சிக்கல். 1996-இல் எழுதிய வரையறைப்படி, பேட்டரின் தோளுக்கும் கால்சட்டையின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளி அதன் மேல் எல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள குழி அதன் கீழ் எல்லை. ஆள் மாறினால் பெட்டியும் மாறும். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பிட்சர் வீசும் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் அதைக் கடந்துவிடும். பந்தின் ஓரம் பெட்டியின் ஓரத்தைத் தொட்டிருந்தாலே போதும், அது ஸ்ட்ரைக். தொடாவிட்டால், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால், அது ‘பால்’. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அவர் நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிலைக்கு, போய்விடலாம்.

இந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ஸ்ட்ரைக் என்றால் அடி. பேட்டர் அடிக்க முயன்று தவறவிட்டால் அதை ஓர் அடியாகக் கணக்கு வைப்பது நியாயம். அவர் மட்டையை அசைக்கவே இல்லை, பந்து பேசாமல் கடந்து போகிறது, அதையும் ‘அடி’ என்று நடுவர் அறிவிக்கிறார் என்றால் என்ன பொருள்? அடித்திருக்க வேண்டிய பந்து, அடிக்காமல் விட்டது உன் குற்றம் என்று பொருள். ஸ்ட்ரைக் சோன் முதலில் ஒரு கடமையாகத்தான் பிறந்தது. அளவு பின்னால் வந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதன் 150 ஆண்டுக் கதை முழுக்க விளங்கும்.

1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் தன் ஆட்டத்துக்கு விதிகளை எழுதிவைத்தது. பேட்டர் மூன்று முறை மட்டையை வீசித் தவறவிட்டு, மூன்றாவதை எதிரணி பிடித்துவிட்டால் அவுட் என்று அதில் இருந்தது. அடிக்காமல் விட்ட பந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசவேண்டிய தேவையும் அன்று இல்லை. பிட்சரின் வேலை, கையைத் தாழ்த்தி, பேட்டர் அடிக்கும்படி பந்தை ஊட்டிவிடுவது. பேட்டர் அடிப்பார், மற்றவர்கள் ஓடிப் பிடிப்பார்கள். அந்த ஓட்டமும் பிடியும்தான் ஆட்டம்.

இரு பக்கமும் நல்லெண்ணம் இருக்கும்வரை இது ஓடியது. போட்டி சூடு பிடித்ததும் பேட்டர்கள் காத்திருக்கக் கற்றார்கள். பந்துக்கு மேல் பந்தாக விட்டுக்கொண்டே நிற்பார்கள். தங்கள் அணியினர் ஒருவர் பேஸில் இருந்தால், தட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் தடுமாறி அவர் முன்னேறட்டும் என்று மட்டையைத் தோளில் சாய்த்தபடி நிற்பார்கள். அடிக்கத் தோதான பந்துகளைத் திரும்பத் திரும்ப விட்டால், நடுவர் எச்சரித்துவிட்டு ஸ்ட்ரைக் அறிவிக்கலாம் என்று 1858-இல் விதி வந்தது. தாமதப்படுத்துவதற்கோ ஆதாயத்துக்கோ அப்படிச் செய்தால் என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருந்தது. நடுவர் அன்று அளந்தது பந்தின் உயரத்தை அல்ல, பேட்டரின் எண்ணத்தை.

பிட்சர்கள் சும்மா இருப்பார்களா? புரூக்ளினின் எக்செல்சியர் அணியில் ஜிம் கிரைட்டன் என்ற இளைஞர் இருந்தார். கையைத் தாழ்த்தியே வீச வேண்டும் என்ற விதிக்குள் நின்றுகொண்டு, மணிக்கட்டைச் சொடுக்கி அதுவரை யாரும் பார்த்திராத வேகத்தைக் கொண்டுவந்தார். அன்றைய தொலைவு 45 அடிதான். 1862-இல், 21 வயதில், அவர் இறந்துபோனார். அதற்குள் பிட்சர் என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிட்டிருந்தார். ஊட்டிவிடும் கை, ஏமாற்றும் கை ஆனது. அவரைப் பார்த்து மற்றவர்களும் வேகத்தைத் தேடினார்கள். வேகம் வந்த அளவுக்குக் குறி வரவில்லை. பேட்டர் எட்டாத இடத்தில் பந்துகள் பறந்தன. 1864 பருவத்தில் மறுபக்கத்துக்கும் தண்டனை வந்தது: பிட்சர் திரும்பத் திரும்பத் தவறாக வீசினால் எச்சரித்துவிட்டு ‘பால்’ அறிவிக்கலாம், மூன்று சேர்ந்தால் பேட்டருக்கு ஒரு பேஸ். காற்றில் ஒரு பெட்டி அப்போதுதான் மெல்ல உருவாகத் தொடங்கியது. இரண்டு பக்கத்து வம்புக்கும் நடுவே கட்டிய வேலி அது.

அந்த வேலிக்கு அளவு வந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டம் உண்டு. 1871 முதல் பேட்டர் களத்தில் வந்து நின்றதும் தனக்கு மேல் பந்து வேண்டுமா, கீழ்ப் பந்து வேண்டுமா என்று சொல்லலாம். மேல் என்றால் இடுப்பிலிருந்து தோள்வரை. கீழ் என்றால் இடுப்புக்குக் கீழே. அவர் கேட்ட பாதியில் வந்தால்தான் ஸ்ட்ரைக். பந்து நேராகத் தட்டின் மேலேயே போகலாம், ஆனால் கேட்டது மேல், வந்தது கீழ் என்றால் ‘பால்’தான். பந்தி பரிமாறுகிறவர் கேட்டுக் கேட்டு இலையில் வைப்பது போன்ற மரியாதை அது. பிட்சர் பேட்டருக்கு ஊழியம் செய்தவர் என்ற பழைய நினைவின் கடைசி மிச்சம். தோளுக்கு மேல் கை தூக்கி வீச 1884-இல் தேசிய லீக் அனுமதித்த பிறகு அந்த மரியாதைக்கு இடமில்லாமல் போயிற்று. 1887-இல் இரண்டு பாதியும் ஒன்றாயின: தோளுக்கு மேல் போகாமல், முழங்காலுக்குக் கீழ் இறங்காமல், தட்டின் மேல் கடக்கும் எந்தப் பந்தும் ஸ்ட்ரைக். பேட்டரின் விருப்பம் போய் பேட்டரின் உடம்பு அளவுகோலானது.

மற்ற கணக்குகள் பிறகு சீக்கிரமே நிலைபெற்றன. 1879-இல் ஒன்பதாக இருந்த ‘பால்’ எண்ணிக்கை ஏறியிறங்கி 1889-இல் நான்கில் நின்றது. தொலைவு 1893-இல் இன்றைய அளவுக்கு வந்தது. 12 அங்குலச் சதுரமாக, மூலை முன்னால் தெரிய வைர வடிவில் கிடந்த தட்டு 1900-இல் ஐங்கோணமானது. சதுரத்தின் மூலைவிட்டம்தான் 17 அங்குலம். அதாவது அகலம் கூடவில்லை. பிட்சரைப் பார்த்த பக்கம் கூர்மூலைக்குப் பதில் நேர்விளிம்பு வந்தது, நடுவர் ஓரங்களைக் கண்ணால் பிடிக்க வசதியாக.

ஆனால் ஏட்டில் உள்ள பெட்டி வேறு, கண்ணில் உள்ள பெட்டி வேறு. இதற்கு என்னிடம் உள்ள மிகத் துல்லியமான சான்று ஒரு மார்புக்கவசம். அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான தேசிய லீகில் 1905 முதல் நடுவராக இருந்த பில் கிளெம், கவசத்தைச் சட்டைக்குள் அணிவதை வழக்கமாக்கினார். உடம்போடு ஒட்டிய கவசம் என்பதால் கேட்சரின் தோளோரமாகக் குனிந்து, பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் முகத்தை வைத்துப் பார்க்கலாம். மற்றொன்றான அமெரிக்கன் லீகின் நடுவர்களோ காற்றடைத்த பெரிய மெத்தை போன்ற கவசத்தை வெளியே கையில் பிடித்துக்கொண்டார்கள். அதை வைத்துக்கொண்டு குனிய முடியாது. கேட்சரின் தலைக்கு நேர் மேலே நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். அங்கிருந்து முழங்கால் உயரத்துப் பந்து சரியாகத் தெரியாது. விளைவு, விதிப்புத்தகம் ஒன்றாக இருந்தும் தேசிய லீகின் பெட்டி தாழ்ந்தும் அமெரிக்கன் லீகின் பெட்டி உயர்ந்தும் இருந்ததாக இரண்டிலும் ஆடியவர்கள் சொல்வார்கள். 1970-களின் இறுதிவரை இந்த வேறுபாடு நீடித்தது. நடுவர் எங்கே தலையை வைக்கிறார் என்பதும் விதியின் ஒரு பகுதிதான், எழுதப்படாத பகுதி.

உடம்புதான் அளவுகோல் என்ற விதியை அதன் கடைசி எல்லைக்கே கொண்டுபோய்ச் சோதித்த நாள் 1951 ஆகஸ்ட் 19. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக், கூட்டத்தைக் கூட்ட எதையும் செய்பவர். டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு எதிராக அன்று ஒரு மாற்று பேட்டரை இறக்கினார். பெயர் எடி கேடல். உயரம் 3 அடி 7 அங்குலம். சட்டையின் முதுகில் எண் 1/8. நடுவர் எட் ஹர்லி ஒப்பந்தத்தைக் கேட்டார், காட்டினார்கள், முறையாக இருந்தது. டெட்ராய்ட் கேட்சர் பாப் ஸ்விஃப்ட் இரண்டு முழங்கால்களையும் மண்ணில் ஊன்றி, கையுறையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினார். பிட்சர் பாப் கெய்ன் நான்கு பந்து வீசினார். நான்கும் உயரத்தில் போயின. கேடல் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவருக்குப் பதில் ஓட வேறொருவர் வந்தார். குனிந்து நின்றால் கேடலின் பெட்டி ஒன்றரை அங்குலம்தான் என்பது வீக் போட்டிருந்த கணக்கு. பந்தின் விட்டமே ஏறக்குறைய மூன்று அங்குலம். மறுநாளே அமெரிக்கன் லீகின் தலைவர் வில் ஹாரிட்ஜ் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கினார்.

இதை வேடிக்கைக் கதையாகத்தான் பலரும் சொல்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஒரு மனிதரின் உடம்பைக் காட்சிப்பொருளாக்கிய நாள் அது. ஆனால் அந்த நான்கு பந்துகளில் விதி தன் வாக்கைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. ஹர்லி பெட்டியைப் பெரிதாக்கவில்லை. நெடிய பேட்டருக்கு எது நியாயமோ அதைக் கேடலின் உடம்புக்கும் கொடுத்தார். 1961-இல், 36 வயதில், கேடல் இறந்தார். பேஸ்பால் உலகிலிருந்து இறுதிச் சடங்குக்குப் போனவர் ஒருவர்தான்: அன்று அவருக்குப் பந்து வீசிய பாப் கெய்ன்.

பெட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் ஆட்டத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு 1960-கள் சாட்சி. 1950-இல் மேல் எல்லையைத் தோளிலிருந்து அக்குளுக்கும், கீழ் எல்லையை முழங்காலின் மேல்பகுதிக்கும் கொண்டுவந்து பெட்டியைச் சுருக்கியிருந்தார்கள். 1961-இல் ரோஜர் மாரிஸ் ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் 60-ஐத் தாண்டினார். அடிகள் மலிந்துவிட்டன, பிட்சர்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்ற கவலை பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக்குக்கு. 1963-இல் பெட்டி மறுபடி வளர்ந்தது: தோள் உச்சியிலிருந்து முழங்கால்வரை. அந்த அக்டோபரிலேயே, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் சாண்டி கூஃபாக்ஸ் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 1962-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 4.46 ரன் எடுத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அது 3.42.

அந்த 1968-ஐ ‘பிட்சரின் ஆண்டு’ என்கிறார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் தடுப்பாளர் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. டெட்ராய்டின் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டங்களில் வென்றார். டான் டிரைஸ்டேல் 58 இன்னிங்ஸுக்கும் மேல் தொடர்ந்து ரன் விடவில்லை. நல்ல பேட்டருக்கு அடையாளமான .300 சராசரியை அமெரிக்கன் லீகில் தாண்டியவர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவரே, .301. அக்டோபர் 2 அன்று உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கிப்சன் கூஃபாக்ஸின் சாதனையைக் கடந்து 17 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். 17-வது ஆள் வில்லி ஹார்ட்டன். மட்டை தோளிலேயே நிற்க, பந்து உள்பக்கமாக வளைந்து பெட்டிக்குள் புகுந்தது. நடுவரின் கை உயர்ந்தது. மட்டையை வீசாமலேயே அவுட். 1858-இல் பேட்டரின் சோம்பலைத் தண்டிக்கப் பிறந்த விதி, நூறாண்டு கழித்து அடிக்க முடியாமல் உறைந்து நிற்கும் ஒரு வலியவரின் மேல் விழுந்தது.

ஆட்டம் சாய்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. 1969-இல் பெட்டியை மறுபடி அக்குளுக்கு இறக்கினார்கள்; பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள். அந்த ஆண்டே சராசரி ரன் 4.07-க்கு ஏறியது.

பேட்டர்கள் தரப்பிலும் பெட்டியை நகர்த்தியவர்கள் உண்டு. உடம்பால் நகர்த்தினார்கள். ரிக்கி ஹெண்டர்சன் முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, ஒரு கூடைக்குள் ஒடுங்கியது போல நிற்பார். 2,190 முறை அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போயிருக்கிறார். டெட் வில்லியம்ஸ் தன் பெட்டியை மனத்தாலேயே பங்கு பிரித்தவர்: குறுக்கே 7, நெடுக்கே 11, ஆக 77 பந்துகள். பெட்டியின் நடுவில் வரும் பந்தை அடித்தால் .400, வெளிப்பக்கக் கீழ் மூலையில் வருவதை அடித்தால் .230 என்று ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிவைத்தார். தன் பெட்டியை இவ்வளவு நெருங்கி அறிந்தவர் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1988-இல் மேல் எல்லை இன்னும் இறங்கியது. களத்தில் அது அதைவிடவும் இறங்கி இடுப்புவார் உயரத்தில் நின்றது. ஈடுகட்டுவதுபோல் வெளிப்பக்கம் நீண்டுகொண்டே போனது. 1997 அக்டோபர் 12 அன்று ஃபுளோரிடாவின் லிவான் எர்னாண்டஸ் அட்லாண்டாவின் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த ஆட்டத்தின் படச்சுருளைப் பாருங்கள். கடைசி பேட்டர் ஃபிரெட் மெக்கிரிஃப். தட்டுக்கு வெகு வெளியே போன பந்துக்கு நடுவர் ஸ்ட்ரைக் சொல்ல, அவர் திகைத்து நிற்கிறார். நடுவரின் கண்ணுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு ஓயவில்லை.

சாட்சி 2001-இல் கேமராவாக வந்தது. குவெஸ்டெக் என்ற அந்தக் கருவி நடுவரின் தீர்ப்பைச் சரிபார்த்தது. நடுவர்கள் கருவிக்குப் பயந்து தீர்ப்பை மாற்றுகிறார்கள் என்று கொதித்து, 2003-இல் பிட்சர் கர்ட் ஷில்லிங் ஒரு கேமராவை அடித்தே உடைத்தார். ஆனால் அடுத்தடுத்து வந்த கருவிகள் ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்தபோது, நடுவர்களைப் பற்றி ஓர் ஆழமான உண்மை வெளிவந்தது. அவர்கள் கண்ணில் இருந்தது நீள்சதுரம் அல்ல; மூலைகள் மழுங்கிய முட்டை வடிவம். அதுவும் சுருங்கி விரிவது. மூன்று பால் ஆகி ஸ்ட்ரைக்கே இல்லாதபோது பெட்டி பெரிதாகும். இரண்டு ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் விளிம்பில் நிற்கும்போது சிறிதாகும். தோற்கிறவன் பக்கம் மனம் சாய்கிறது. விதி பிறந்த நாளில் இருந்த அந்த நியாய உணர்ச்சி, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நடுவர்களின் கண்ணில் தங்கியிருந்திருக்கிறது. கேட்சர்களின் கைவேலையும் அப்போதுதான் எண்ணில் தெரிந்தது. ஹோசே மொலீனா போன்றவர்கள் ஓரத்துப் பந்தை வாங்கும்போதே மணிக்கட்டைத் துளி உள்ளே திருப்பி, வெளியே போனதை உள்ளே வந்ததாகக் காட்டிவிடுவார்கள்.

2024-இல் கொரிய லீக் எல்லாப் பந்துகளையும் இயந்திரத்திடமே ஒப்படைத்தது. அமெரிக்கா தன் சிறிய லீகுகளில் ஆண்டுக்கணக்கில் சோதித்துவிட்டு, 2026 பருவத்துக்கு நடுவழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நடுவர்தான் தீர்ப்புச் சொல்வார். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர், யாரிடமும் கேட்காமல், உடனே தன் தொப்பியைத் தட்டி முறையிடலாம். அணிக்கு இரண்டு வாய்ப்பு. முறையீடு சரியென்றால் வாய்ப்பு குறையாது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு டி.ஆர்.எஸ். நினைவு வரும், பந்தைத் தொடர்வதும் அதே ஹாக்-ஐ கேமராக்கள்தான்.

இயந்திரத்துக்குத் தோள் தெரியாது, முழங்கால் குழியும் தெரியாது. எனவே வீரரின் உயரத்தை முன்கூட்டியே அளந்து கொடுத்துவிடுகிறார்கள். உயரத்தில் 53.5 சதவீதம் மேல் எல்லை, 27 சதவீதம் கீழ் எல்லை. ஆரோன் ஜட்ஜ் 6 அடி 7 அங்குலம். அவர் பெட்டி ஏறக்குறைய 21 அங்குலம். ஹோசே அல்டூவே 5 அடி 6 அங்குலம், அவருக்கு 17.5. உடம்புதான் இன்னும் அளவுகோல். ஆனால் நிற்கும் விதம் கணக்கிலிருந்து போய்விட்டது. ஹெண்டர்சன் எவ்வளவு ஒடுங்கினாலும் இந்தக் கேமராவிடம் ஓர் அங்குலம்கூட மிச்சப்படுத்த முடியாது.

இதை எழுதும்போது ஒரு தாளில் கேடலின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 43 அங்குல உயரம். மேல் எல்லை தரையிலிருந்து 23 அங்குலம், கீழ் எல்லை 11.6. நடுவே 11.4 அங்குலம். அடிக்கோலால் அளந்து, என் அறைச் சுவரில் 17-க்கு 11.4 என்று சாக்பீஸால் ஒரு பெட்டி வரைந்தேன். என் முழங்காலுக்குச் சற்று மேலே அதன் மேல்கோடு வந்தது. சிறியதுதான். ஆனால் பாப் ஸ்விஃப்ட் மண்ணில் முழங்காலிட்டு நீட்டிய கையுறை அதற்குள் தாராளமாக அடங்கியிருக்கும்.

(தொடரும்)